நிலைமின்காட்டியின் இலை பத்து நொடியில் விழுந்துவிடுகிறது, கசிவு எங்கே?

எட்டாம்_வகுப்பு_அறிவியல்:

அனைவருக்கும் வணக்கம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக மாணவர்களோடு சேர்ந்து நிலைமின்காட்டி (மின்னூட்டம் வந்தால் மெல்லிய உலோக இலைகள் விரிந்து காட்டும் கருவி) ஒன்றைக் கையால் செய்திருக்கிறோம். தங்க இலைக்குப் பதிலாகச் சமையலறை அலுமினியம் ஃபாயில்.

அமைப்பு: அரை லிட்டர் கண்ணாடி ஊறுகாய் பாட்டில், வாயில் கறுப்பு ரப்பர் கார்க், அதன் நடுவே 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி. கம்பியின் அடியில் 1 செ.மீ. அகலம், 5 செ.மீ. நீளத்தில் இரண்டு ஃபாயில் துண்டுகள் ஒட்டப்பட்டுள்ளன. மேல்முனையில் ஃபாயிலைக் கசக்கி உருட்டிய உருண்டை. மின்னூட்டம் பெற முக்கால் அங்குல பிவிசி பைப்பைப் பாலியஸ்டர் துணியால் தேய்க்கிறோம். நாகப்பட்டினம் பக்கம், கடலுக்கு அருகில்.

1. மதியம் இலைகள் விரிகின்றன, ஆனால் பத்து நொடியில் விழுந்துவிடுகின்றன. காலையில் விரிவதே இல்லை. மல்டிமீட்டரில் கம்பிக்கும் பாட்டிலுக்கும் இடையே அளந்தால் தொடர்பே இல்லை என்றுதான் காட்டுகிறது. பிறகு கசிவு எப்படி?

2. தேய்த்த பைப் காகிதத் துணுக்குகளை இழுக்கிறது. காகிதத்தில் மின்னூட்டம் இல்லையே, எதற்கு ஈர்க்கப்படுகிறது? சில துணுக்குகள் ஒட்டிய உடனே தெறித்து ஓடுகின்றன. தெர்மாகோல் மணிகள் மட்டும் ஒட்டியே நிற்கின்றன.

3. தூண்டல் முறையில் (பைப்பைத் தொடவிடாமல் அருகே மட்டும் காட்டி) மின்னூட்டம் கொடுத்தால் சில நேரம் ஒன்றுமே மிஞ்சுவதில்லை. மிஞ்சும்போது அது நேர் மின்னூட்டமா எதிரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

4. பைப்புக்கு எதிர் மின்னூட்டம் வந்தால் தேய்த்த துணிக்கு அதே அளவு நேர் மின்னூட்டம் வரவேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. துணியை நிலைமின்காட்டியின் அருகே கொண்டுபோனால் இலை அசைவதே இல்லை. மாணவர்களுக்கு இதைக் காட்ட வழி உண்டா?


பிக்கோஃபாரட்:

முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதைச் சரிசெய்த பிறகுதான் பலிக்கும்.

மல்டிமீட்டரை இந்த வேலையில் நம்பாதீர்கள். உங்கள் கருவியின் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் திறன், சுமார் 10 பிக்கோஃபாரட் (ஒரு ஃபாரட்டை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு) இருக்கும். மின்னூட்டம் கசியும் நேரம் தோராயமாக மின்தடையை மின்தேக்குத்திறனால் பெருக்கினால் வருவது. இலை ஒரு நிமிடமாவது நிற்க வேண்டுமென்றால் காப்பின் மின்தடை 6 லட்சம் கோடி ஓம் வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் 20 மெகா ஓம், அதாவது 2 கோடி ஓம் தாண்டினாலே கை விரித்துவிடும். 2 கோடி ஓம் தடை வழியாக உங்கள் மின்னூட்டம் வடிய 0.2 மில்லி நொடி போதும். மீட்டர் 'தொடர்பு இல்லை' என்று சொல்லும் இடத்துக்கும் நமக்கு வேண்டிய இடத்துக்கும் நடுவில் 3 லட்சம் மடங்கு இடைவெளி இருக்கிறது. நிலைமின்காட்டிதான் உங்கள் மீட்டர். இலை விழும் நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள், அது போதும்.

குற்றவாளி பெரும்பாலும் ரப்பர் கார்க்தான். கறுப்பு ரப்பரில் கரித்தூள் கலந்திருக்கும். வீட்டு மின்சாரத்துக்கு அது நல்ல காப்பு. நமக்கு அது ஒரு கடத்தி. மரம், தக்கை, அட்டை எல்லாமே ஈரம் உறிஞ்சுவதால் உதவாது. அதைத் தூக்கிவிட்டு மூடியில் 3 செ.மீ. விட்டத்துக்குத் துளை போட்டு, கம்பியை நடுவில் பிடித்துக்கொண்டு உருக்கிய வெள்ளை மெழுகுவத்தி மெழுகை 1 செ.மீ. கனத்துக்கு ஊற்றி உறையவிடுங்கள். மெழுகில் நீர் பரவி ஒட்டாது, கடற்கரையிலும் தாங்கும். மெழுகு வேலை வேண்டாம் என்றால் குழாய் ரிப்பேருக்கு விற்கும் டெஃப்லான் டேப்பைக் கம்பியில் 20 சுற்று இறுக்கமாகச் சுற்றித் தெர்மாகோல் துண்டில் செருகலாம். எதைப் போட்டாலும் கம்பிக்கும் மூடியின் விளிம்புக்கும் நடுவே காப்புப் பரப்பு ஒன்றரை செ.மீட்டருக்குக் குறையக்கூடாது. அந்தப் பரப்பை விரலால் தொடவும் கூடாது. வியர்வை உப்பு ஒரு கோடு விழுந்தால் அதுவே பாதை.

காலையில் விரியாததற்குக் காரணம் காற்று 'மின்சாரத்தைக் கடத்துவது' என்று பலர் எழுதுவார்கள். அது தவறு. நீராவி கலந்த காற்றும் நல்ல காப்புதான். பொருள்களின் பரப்பில் படியும் நீர்ப்படலம்தான் கடத்துகிறது. காற்றில் ஈரப்பதம் சுமார் 60 சதவீதம் தாண்டியதும் அது வேகமாகத் தடிக்கும். கண்ணாடியில் நீர் எளிதாகப் பரவி ஒட்டுவதால் கண்ணாடிப் பரப்பு மிக மோசம். ஆகவே பாட்டிலுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போடுங்கள் (நிறம் மாறியிருந்தால் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வறுத்து ஆறவைத்த பிறகு). காட்டுவதற்கு முன் பைப், துணி, மூடி மூன்றுக்கும் ஹேர் டிரையரில் இரண்டு நிமிடம் சூடு காட்டுங்கள். அறையைச் சூடாக்கி எந்தப் பயனும் இல்லை. பொருள் அறையைவிடச் சில டிகிரி சூடாக இருந்தாலே படலம் போய்விடும்.

இன்னும் மூன்று சின்ன விஷயம். ஃபாயில் உருண்டையில் நூறு கூர்முனை இருக்கும், ஒவ்வொன்றும் மின்னூட்டத்தைக் காற்றில் பீய்ச்சும். அதற்குப் பதில் வழுவழுப்பான ஸ்டீல் குண்டு அல்லது குழிக்கரண்டியின் தலை வையுங்கள். கம்பியின் கீழ்முனையையும் வளையமாக மடக்குங்கள். இரண்டு இலைக்குப் பதில் ஒரு கனத்த தகடும் அதன் மேல் தளர்வாகத் தொங்கும் ஒரே இலையும் போதும்: 5 மி.மீ. அகலம், 4 செ.மீ. நீளம். சமையல் ஃபாயில் பெரும்பாலும் 11 மைக்ரான் கனம், அப்படிப் பார்த்தால் இந்த இலை 6 மில்லிகிராம்தான் வரும். உங்கள் இப்போதைய துண்டு ஒவ்வொன்றும் 15 மில்லிகிராம், அதோடு ஒட்டிய இடத்தின் மடிப்பு விறைப்பும் அதைத் தடுக்கிறது. ஒட்டாமல் சின்ன கொக்கியில் மாட்டுங்கள்.

துணியை மாற்ற வேண்டும். பிவிசியும் பாலியஸ்டரும் இரண்டுமே எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும் பக்கத்தில் இருக்கும் பொருள்கள். இரண்டையும் தேய்த்தால் கொஞ்சம்தான் கிடைக்கும். கம்பளி வேண்டும், அல்லது எண்ணெய் தடவாத, காய்ந்த தலைமுடி. கடையில் 'கம்பளி' என்று மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். ஒரு நூலைப் பிய்த்து நெருப்பில் காட்டுங்கள்: முடி கருகும் வாடை வந்து பொடியாக உதிர்ந்தால் கம்பளி, உருகி மணியாகத் திரண்டால் அக்ரிலிக்.


ஸ்பின்னிங்_மெயின்டனன்ஸ்:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கலாம். கம்பளியை ஃபேப்ரிக் கண்டிஷனர் போட்டுத் துவைத்திருந்தால் அதிலும் மின்னூட்டம் வராது. கண்டிஷனர் இழையின் மேல் விட்டுச்செல்வது ஈரத்தை இழுக்கும் ஒரு படலம். நூற்பாலைகளில் பாலியஸ்டர் பஞ்சுக்கு மேல் பூசி அனுப்பும் ஸ்பின் ஃபினிஷும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது இல்லாவிட்டால் இழைகள் ஒன்றையொன்று விலக்கிப் பரந்து, ரோலரில் சுற்றிக்கொண்டு நூல் அறும்.

பருத்தி, எடையில் 8.5 சதவீதம் ஈரம் பிடிக்கும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். இந்த ஒரு கணக்கை மாணவர்களுக்குச் சொன்னாலே எந்தப் புடவை காலைச் சுற்றி ஒட்டும், எது ஒட்டாது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஸ்பின்னிங் பிரிவில் ஈரப்பதத்தை 55 முதல் 60 சதவீதத்துக்குள் பிடித்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிதாக வருபவர்கள் 'மெஷினுக்கு எர்த் சரியாகக் கொடுத்தால் ஸ்டாட்டிக் போய்விடாதா' என்று கேட்பார்கள். போகாது. எர்த் எடுப்பது இரும்பில் இருக்கும் மின்னூட்டத்தை மட்டும். இழை மின்கடத்தாப் பொருள். அதன் ஒரு முனையைப் பூமியோடு இணைத்தாலும் மறுமுனையில் இருப்பது இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்குத்தான் ஊசிமுனைகளில் உயர் மின்னழுத்தம் கொடுத்துக் காற்றை அயனியாக்கி (மின்னூட்டமுள்ள துகள்களாக்கி) இழை மேல் படவிடும் பார்கள் வைப்பது. உங்களுக்கும் இது பயன்படும்: தேய்த்த பைப்பின் மின்னூட்டத்தை முழுதாக நீக்கக் கையால் தடவாதீர்கள், அது அங்கங்கே திட்டுத் திட்டாக மிஞ்சும். மெழுகுவத்திச் சுடருக்கு ஒரு சாண் மேலே இரண்டு முறை வேகமாக ஓட்டுங்கள். சுடரில் அயனிகள் இருக்கின்றன, பைப்பை அவையே சமன்செய்துவிடும்.


ஈர்ப்பு_விலக்கு:

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன், பாடப்புத்தகங்கள் அரைகுறையாக விடும் இடம் இது.

காகிதத்தில் மின்னூட்டம் 'இல்லை' என்பதற்கு, நேரும் எதிரும் சம அளவில் இருக்கின்றன என்றுதான் பொருள். எதிர் மின்னூட்டமுள்ள பைப் அருகே வந்ததும் காகிதத்தின் எலக்ட்ரான்கள் கொஞ்சம் அப்பால் தள்ளப்படுகின்றன. பைப்பை ஒட்டிய பக்கம் நேராகவும் தொலைவான பக்கம் எதிராகவும் ஆகிறது. நேர்ப்பக்கம் ஈர்க்கப்படுகிறது, எதிர்ப்பக்கம் விலக்கப்படுகிறது. தொலைவு இரு மடங்கானால் விசை நான்கில் ஒரு பங்காகும் என்று கூலூம் 1785-இல் அளந்து காட்டினாரே, அந்த விதிப்படி அருகிலுள்ள பக்கத்தின் ஈர்ப்பு ஜெயிக்கிறது. மொத்த மின்னூட்டம் பூஜ்ஜியமாக இருந்தும் நிகர விசை ஈர்ப்பு. இதனால்தான் பைப்பை 10 செ.மீ. தூரத்தில் பிடித்தால் ஒன்றும் நடக்காமல் 2 செ.மீ. வந்ததும் திடீரென்று தாவுகின்றன.

உலோகத்தில் எலக்ட்ரான்கள் உண்மையிலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். தெர்மாகோலில் ஓட முடியாது. ஒவ்வொரு மூலக்கூறுக்குள்ளும் அணுவின் அகலத்தைவிட மிகச் சிறிய நகர்வுதான். ஆனால் கோடானுகோடி மூலக்கூறுகள் சேர்ந்து நகர்வதால் லேசான மணியைத் தூக்க அது போதும்.

தெறித்து ஓடுவது ஏன் என்றால், காகிதம் ஈரமான ஊரில் மெதுவான கடத்தி. பைப்பைத் தொட்டதும் ஒரு நொடிக்குள் பைப்பிலிருந்து எதிர் மின்னூட்டம் காகிதத்துக்கு ஏறுகிறது, இரண்டும் ஒரே வகையானதும் விலக்கல். ஃபாயில் துணுக்கைப் போட்டால் தொட்ட கணமே தெறிக்கும். தெர்மாகோல் மணியில் மின்னூட்டம் பரவுவதே இல்லை, தொட்ட புள்ளியில் மட்டும் கொஞ்சம் ஏறும், ஆகவே ஒட்டி நிற்கும். மூன்றையும் ஒரே தட்டில் கலந்து போட்டு ஒரே பைப்பைக் காட்டுங்கள். கடத்தி, மெதுவான கடத்தி, காப்பு என்று மூன்று நடத்தையும் ஒரே நேரத்தில் தெரியும். தட்டு எவர்சில்வராக இருந்து தரையில் இருந்தால் ஃபாயில் துணுக்குகள் தட்டில் மின்னூட்டத்தை இறக்கிவிட்டு மறுபடி எகிறி, மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருக்கும்.

கண்காட்சியில் நடுவர்கள் கட்டாயம் கேட்கும் ஒன்று: ஒரு பொருள் ஈர்க்கப்படுவதால் அதற்கு மின்னூட்டம் உண்டு என்று சொல்ல முடியாது. விலக்கப்பட்டால்தான் நிச்சயம் உண்டு.

குழாய்த் தண்ணீர் சீப்பின் பக்கம் வளைவதையும் வைப்பீர்கள் என்று நினைக்கிறேன். 'நீர் மூலக்கூறுக்கு இருமுனை உண்டு, அது திரும்பி நிற்கிறது' என்று விளக்க அட்டையில் எழுதாதீர்கள். அந்த விளைவு மிகச் சிறியது. தண்ணீர்த் தாரை குழாய் வழியே பூமியோடு இணைந்திருக்கிறது. சீப்பு அருகே வரும்போது தாரையின் முனையில் எதிர்வகை மின்னூட்டம் தூண்டப்பட்டு, துளியாகப் பிரியும்போது அந்த மின்னூட்டத்தோடேயே பிரிகிறது. ஈர்க்கப்படுவது அந்த மின்னூட்டம்.

மழைநாளில் எதுவும் வேலை செய்யாவிட்டாலும் செலோ டேப் வேலை செய்யும், அதை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் ஒரு டேப்பை நீளமாக ஒட்டி அடித்தளமாக விடுங்கள். அதன் மேல் 20 செ.மீ. நீளத்தில் ஒரு டேப் (அதில் 'கீ' என்று எழுதுங்கள்), அதன் மேலேயே இன்னொன்று ('மே'). முனையில் 1 செ.மீ. மடித்துப் பிடி வையுங்கள். கீ, மே இரண்டையும் சேர்த்து மெதுவாக உரித்து, வழவழப்பான முதுகுப்புறத்தை விரலால் ஒருமுறை தடவி, மிஞ்சிய மின்னூட்டத்தை நீக்குங்கள். பிறகு இரண்டையும் சடக்கென்று பிரியுங்கள். கீயும் மேயும் ஒன்றையொன்று இழுக்கும். இதேபோல் இன்னொரு ஜோடி செய்தால் இரண்டு கீயும் விலகும், இரண்டு மேயும் விலகும். தேய்த்தல் எதுவும் இல்லாமல், தொட்டுப் பிரிவதாலேயே மின்னூட்டம் இடம்மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. தேய்ப்பது தொடும் இடங்களைக் கூட்டும் வழி மட்டும்தான்.


எட்டாம்_வகுப்பு_அறிவியல்:

மிக்க நன்றி. மெழுகு அடைப்பு போட்டு, ஒற்றை இலை வைத்தாயிற்று. சிலிக்கா ஜெல்லோடு சேர்த்து இலை இப்போது இரண்டரை நிமிடம் நிற்கிறது. 3, 4 கேள்விகளுக்கும் யாராவது வழி சொல்லுங்கள். ஒரு சந்தேகமும் கூட: ஒரு பைப்பைத் தேய்த்தால் எத்தனை எலக்ட்ரான் இடம்மாறும் என்று மாணவர் ஒருவர் கேட்கிறார்.


பரிசோதனைக்கூடம்:

தூண்டல் முறையில் ஒன்றும் மிஞ்சாததற்கு ஒரே காரணம் வரிசை தவறுவது. பைப்பைக் குண்டுக்கு 3 செ.மீ. அருகில் பிடியுங்கள், தொடவேண்டாம். இலை விரியும். பைப் அங்கேயே இருக்க, குண்டை விரலால் தொடுங்கள், இலை விழும். இப்போது பைப்பை அசைக்காமல் முதலில் விரலை எடுங்கள், அதன் பிறகு பைப்பை எடுங்கள். இலை மறுபடி விரிந்து நிற்கும். பைப்பை முதலில் எடுத்துவிட்டால் விரல் வழியே ஓடிய எலக்ட்ரான்கள் அதே விரல் வழியே திரும்பிவிடும், பூஜ்ஜியம்தான். சிறுவர்கள் இரண்டு கையையும் ஒன்றாக எடுப்பார்கள். அதுதான் உங்கள் 'சில நேரம்'.

பைப் எதிர் மின்னூட்டமுடையது என்பதால் மிஞ்சுவது நேர் மின்னூட்டம். பைப்பால் தொட்டுத் தேய்த்து ஏற்றினால் எதிர். இந்த இரண்டு முறையையும் அடுத்தடுத்துச் செய்து, சோதனைப் பைப்பை மேலிருந்து மெதுவாக இறக்கிக் காட்டுங்கள். இலை இன்னும் விரிந்தால் ஒரே வகை. இலை சுருங்கினால் எதிர்வகையாக இருக்கலாம். ஆனால் மின்னூட்டமே இல்லாத உங்கள் கை அருகே வந்தாலும் இலை கொஞ்சம் சுருங்கும். ஆகவே விரிவது மட்டும்தான் முடிவு. மிகப் பலமான பைப்பை வேகமாக நெருக்கினால் இலை முதலில் விழுந்து பிறகு மறுபடி விரியும். இரண்டாவது விரிவை மட்டும் பார்த்துத் தவறாக முடிவு செய்துவிடுவார்கள். அரை மீட்டர் தூரத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

பிவிசியும் கம்பளியும் என்றால் பிவிசி எதிர் என்று நம்பலாம். கண்ணாடித் தண்டும் பட்டும் என்று புத்தகம் சொல்வதை உங்கள் ஊரில் முயல வேண்டாம், கண்ணாடி ஈரம் பிடிக்கும். நேர் மின்னூட்டம் வேண்டுமானால் அக்ரிலிக் அளவுகோலைப் பட்டால் தேய்க்கலாம், அல்லது தூண்டலாலேயே பெறலாம். எது எந்த வகை என்று வரிசைப்படுத்திய பட்டியல்களை அளவுக்கு மீறி நம்பாதீர்கள். ஒரே பொருளின் பரப்பு அழுக்கானால், கீறினால் குறி (நேரா எதிரா என்பது) மாறலாம்.

குறியை உடனே காட்டும் மின்னணுக் கருவி வேண்டுமானால் பிஎஃப்டபிள்யூ10 என்ற ஜேஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்; ட்ரெயின், சோர்ஸ், கேட் என்பவை அதன் கால்கள்) வாங்குங்கள், ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையிலிருந்து சிவப்பு எல்இடி, எல்இடியிலிருந்து ட்ரெயின், சோர்ஸ் காலிலிருந்து பேட்டரியின் எதிர்முனை. கேட் காலில் 1 மெகா ஓம் தடையும் அதன் முனையில் காற்றில் நீட்டிய 5 செ.மீ. கம்பியும், அவ்வளவுதான். நான்காவது கால் உலோக உறையோடு இணைந்தது, அதைச் சும்மா விடலாம். எல்இடி எரிந்துகொண்டிருக்கும். எதிர் மின்னூட்டம் நெருங்கும்போது அணையும், விலகினால் எரியும். நேர் மின்னூட்டமானால் நெருங்கும்போது ஒன்றும் தெரியாது, விலக்கும்போது அணையும். ஏனென்றால் நேர் மின்னூட்டம் நெருங்கும்போது கேட்டுக்குள் எலக்ட்ரான்கள் ஏறிவிடுகின்றன, பைப் போனதும் அவை அங்கேயே சிக்கி மின்னோட்டத்தின் பாதையை அடைக்கின்றன. அணைந்தே இருந்தால் கேட் கம்பியையும் பேட்டரி எதிர்முனையையும் ஒரே நேரத்தில் தொடுங்கள். தேய்த்த பைப்பால் கம்பியைத் தொடாதீர்கள், அந்தப் பொறி ஜேஃபெட்டைக் கொன்றுவிடும். 1 மெகா ஓம் ஓரளவுதான் காக்கும்.


எவர்சில்வர்_டம்ளர்:

நான்காம் கேள்வி எனக்குப் பிடித்தது. துணியில் ஒன்றும் தெரியாததற்குக் காரணம் உங்கள் கைதான். கம்பளி ஈரம் பிடிக்கும், அதன் மின்னூட்டம் கைவழியே உடனே பூமிக்குப் போய்விடுகிறது. அதோடு துணி பரந்த பொருள், மின்னூட்டம் பரவிக் கிடக்கும்.

ஃபாரடே 1843-இல் ஒரு பனிக்கட்டி வாளியை வைத்துக் காட்டிய வழி இருக்கிறது. உங்களுக்கு ஆழமான எவர்சில்வர் டம்ளர் போதும்: 6 செ.மீ. வாய், 11 செ.மீ. ஆழம். அதை நிலைமின்காட்டியின் குண்டை எடுத்துவிட்டுக் கம்பியின் மேல் நிமிர்த்திப் பொருத்துங்கள், ஆட்டம் கண்டால் மெழுகால் நிறுத்துங்கள். 5 செ.மீ. சதுரக் கம்பளித் துண்டை இன்னொரு பிவிசி குழாயின் நுனியில் ஃபெவிக்காலால் ஒட்டி முழுக்கக் காயவிடுங்கள். கம்பளியைக் கை தொடவே கூடாது.

முதலில் பைப், கம்பளி இரண்டையும் சுடர் மேல் காட்டிச் சமன்செய்யுங்கள். டம்ளரை விரலால் தொட்டு இலையைப் பூஜ்ஜியமாக்குங்கள். இப்போது பைப்பின் நுனியையும் கம்பளி நுனியையும் டம்ளருக்குள் இறக்கி, உள்ளேயே வைத்து இருபது தடவை தேய்க்கச் சொல்லுங்கள். இலை அசையாது. பைப்பை மட்டும் வெளியே எடுங்கள்: இலை விரியும். திரும்பப் போடுங்கள்: விழும். கம்பளியை மட்டும் எடுங்கள்: அதே அளவு விரியும். முதல் விரிவு நேர், இரண்டாவது எதிர். சோதனைப் பைப்பால் குறியையும் உறுதி செய்யலாம். மின்னூட்டம் புதிதாக உண்டாகவில்லை, பிரிந்து நிற்கிறது என்பது இந்த நான்கு அசைவில் முடிந்துவிடும்.

டம்ளர் எதற்கு என்றால், ஆழமான உலோகக் கிண்ணத்துக்குள் எந்த இடத்தில் மின்னூட்டத்தை வைத்தாலும் வெளிப்புறத்தில் அதே அளவு தோன்றும். பைப் சுவரை ஒட்டியிருந்தாலும் நடுவில் இருந்தாலும் இலையின் விரிவு மாறாது. குண்டுக்கு அருகே காட்டும் முறையில் தூரம் ஒரு செ.மீ. மாறினாலும் விரிவு மாறும், ஒப்பிடவே முடியாது. தேய்த்த பகுதி டம்ளரின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும்; வாயருகே இருந்தால் கணக்கு பிசகும். பைப்பின் மேல்பகுதியைக் கையில் பிடித்து முன்பே தேய்த்திருந்தாலும் பிசகும், ஆகவே சுடர் வேலையைத் தவறவிடாதீர்கள்.


பிக்கோஃபாரட்:

எலக்ட்ரான் கணக்கு. காற்று தாங்கும் மின்புலம் செ.மீட்டருக்கு சுமார் 30,000 வோல்ட். அதற்கு மேல் பொறி பறந்துவிடும் என்பதால் ஒரு பரப்பில் நிற்கக்கூடிய மின்னூட்டத்துக்கு உச்சவரம்பு உண்டு: சதுர மீட்டருக்கு சுமார் 26 மைக்ரோகூலூம் (கூலூம் என்பது மின்னூட்டத்தின் அலகு). ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்துப் பரப்பிலுள்ள அணுக்களோடு ஒப்பிட்டால், பரப்பில் ஏறக்குறைய அறுபதாயிரம் அணுவுக்கு ஒரு எலக்ட்ரான்தான் கூடுதல். அதுவும் உச்சவரம்பில். கையால் தேய்த்த பைப்பில் அதில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தால் நல்ல தேய்ப்பு.

இதைப் பெரிய அளவில் காட்ட எலக்ட்ரோஃபோரஸ் செய்யுங்கள், 1775-இல் வோல்டா பிரபலப்படுத்திய கருவி. 30 செ.மீ. சதுர பிவிசி அல்லது அக்ரிலிக் தகடு, 20 செ.மீ. விட்டமுள்ள, விளிம்பு சுருட்டிய எவர்சில்வர் தட்டு. தட்டின் உட்பக்க நடுவில் 15 செ.மீ. பிவிசி குழாயை ஹாட் குளூவால் நிறுத்துங்கள், அதுதான் கைப்பிடி. தகட்டைக் கம்பளியால் அரை நிமிடம் தேய்த்து, தட்டை அதன் மேல் வைத்து, தட்டை விரலால் தொட்டு விரலை எடுத்து, கைப்பிடியால் தூக்குங்கள். விரல் மூட்டை நெருக்கினால் 5 முதல் 7 மி.மீ. பொறி. தகட்டை மறுபடி தேய்க்காமலேயே பல தடவை இதைச் செய்யலாம், தகட்டின் மின்னூட்டம் குறைவதில்லை. தட்டு தகட்டை ஒரு சில புள்ளிகளில்தான் தொடுகிறது, காப்பிலுள்ள மின்னூட்டம் அந்தப் புள்ளிகளுக்கு ஓடிவர முடியாது. நடப்பது முழுக்கத் தூண்டல்தான். பொறியின் ஆற்றல் எங்கிருந்து என்று கேட்டால், ஈர்ப்பை மீறித் தட்டைத் தூக்கிய கையிலிருந்து.

கணக்கு போடச் சொல்லுங்கள்: தட்டில் சுமார் 0.15 மைக்ரோகூலூம், அதாவது ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான் குறைவு. தனியே தூக்கிய தட்டின் மின்தேக்குத்திறன் 7 பிக்கோஃபாரட். வகுத்தால் 20,000 வோல்ட்டுக்கு மேல். ஆற்றலோ ஒன்றரை மில்லி ஜூல்தான், உடம்புக்குச் சுருக்கென்று இருக்கும், தீங்கில்லை. ஆனால் பெட்ரோல் ஆவி பற்ற சுமார் 0.2 மில்லி ஜூல் போதும். பைப்பையும் தகட்டையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தால் முழுக்கக் காய்ந்து, பாட்டில் வேறு அறைக்குப் போன பிறகே பொறி காட்டுங்கள்.


எட்டாம்_வகுப்பு_அறிவியல்:

டம்ளர் சோதனை அப்படியே வந்தது, நன்றி. எலக்ட்ரோஃபோரஸ் பொறியை லேடன் ஜாடியில் (உள்ளும் புறமும் உலோகத் தாள் ஒட்டி மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாட்டில்) சேர்த்து வைக்க மாணவர்கள் ஆசைப்படுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்கு உள்ளும் புறமும் ஃபாயில் ஒட்டலாமா?


பரிசோதனைக்கூடம்:

ஒரு லிட்டர் வேண்டாம், மேடம். அந்த அளவில் சுமார் 1,000 பிக்கோஃபாரட் வரும். 20,000 வோல்ட்டுக்கு ஏற்றினால் 0.2 ஜூல். தட்டின் பொறியைப்போல நூறு மடங்குக்கு மேல். கை முழுக்க வலிக்கும், பதறி எதையாவது தட்டிவிடுவார்கள். இதயக் கோளாறோ பேஸ்மேக்கரோ உள்ளவர் பார்வையாளர்களில் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்று விரல் உயரமுள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் செய்யுங்கள், மெல்லிய சுவருக்கு 100 பிக்கோஃபாரட் போல வரும். ஃபாயில் உள்ளும் புறமும் உயரத்தில் பாதிவரை மட்டும்; வாய்வரை ஒட்டினால் விளிம்பைச் சுற்றிப் பொறி பாய்ந்துவிடும், சேராது. மூடியில் ஆணி, ஆணியிலிருந்து உள் ஃபாயிலைத் தொடும் ஒரு சங்கிலி. வெளி ஃபாயிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஆணியில் தட்டின் பொறியை ஏழெட்டு முறை இறக்குங்கள். பொறியின் நீளம் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வரும். நின்றதும் அதற்கு மேல் ஏறாது. காலி செய்ய விரல் கூடாது. பிவிசி குழாயில் செருகிய வளைந்த கம்பியின் ஒரு முனை முதலில் வெளி ஃபாயிலில், பிறகு மறுமுனை ஆணியில். ஒருமுறை செய்ததும் ஐந்து நொடி விட்டு இன்னொரு முறை செய்யுங்கள். பிளாஸ்டிக்கில் ஊறியிருந்த மின்னூட்டம் திரும்ப வந்து சின்ன இரண்டாவது பொறி கொடுக்கும். வேலை முடிந்ததும் ஆணிக்கும் வெளி ஃபாயிலுக்கும் ஒரு கம்பியைக் கட்டியே பெட்டியில் வையுங்கள்.